அளவு நோட்டு

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
மாடிப்படிக்கு அடியில் என் தையல் கடை.
பெனிலாவுக்கு என் அளவு நோட்டில் ஐந்து பக்கம்.
நர்சிங் கல்லூரிச் சுடிதார், அக்காள் கல்யாண பிளவுஸ்,
அப்புறம் அதே துணிகள்
திரும்பத் திரும்ப, பிடித்துத் தைக்க.
எண்களை இங்கே சொல்லப்போவதில்லை.
வாசிக்கிறவர்களில் ஒருத்தி
உடனே தன் எண்ணை எடுத்துப்
பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள்.
எனக்குத் தெரியும் அவளை.

முதல்முறை வந்தபோது நான்தான் சொன்னேன்,
வாயில் குண்டூசி கவ்விக்கொண்டு:
"நல்லா மெலிஞ்சிட்டியே பிள்ளே, அழகாயிட்டே."
கண்ணாடிக்குள் அவள் சிரித்தாள்.
அந்தத் தையலுக்கு நான் காசுகூட வாங்கவில்லை.

தவக்காலம்.
ஒருசந்தி இருக்கிறாள் என்றார்கள்.
அன்பியக் கூட்டத்தில் அவளைக் காட்டி
மற்ற பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள்.
உயிர்த்த ஞாயிறு வந்தது,
தெருவெல்லாம் கறி மணத்தது.
அவளுடைய வெள்ளிக்கிழமை மட்டும் முடியவில்லை.

மே மாதம்,
வேர்வையில் டேப் வழுக்குகிற வெக்கையில்
ஸ்வெட்டர் போட்டு வந்தாள்.
கையில் பூனைமயிர், நகத்தடியில் நீலம்.
டேப்பைச் சுற்றினேன்.
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.
"விடு மக்களே. மூச்சை விட்டாத்தான் அளவு."
"இன்னும் இருக்குக்கா" என்று
இடுப்பில் எதையோ கிள்ளிக் காட்டினாள்.
அவள் விரல்களுக்கு இடையில்
சுடிதார் துணிதான் இருந்தது.

அவள் அம்மை சுசீலா வந்து அழுதாள்:
மரச்சீனியும் சாளைக் கறியும் வைத்தால்
அரிசிமணிபோல நுணுக்கித்
தட்டில் ஊரைச் சுற்ற வைக்கிறாளாம்.
தம்பிக்கு ஏத்தன்பழம் பொரித்து
மிச்சம் வைக்காதே என்று அதட்டுகிறாளாம்.
தன் விரலை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாளாம்.
"பசியே இல்லாத சீக்கா இது?"
இல்லை.
அந்த வீட்டிலேயே அதிகம் பசித்தவள் அவள்தான்.
பசிக்கு மேலே ஒரு கங்காணி
கம்போடு உட்கார்ந்திருக்கிறான்.

எனக்கு எப்படித் தெரியும்?
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு பாக்கெட் ரஸ்க், ஒரு சீப்பு மட்டிப்பழம்,
யாரோ பிறந்தநாளுக்குத் தந்த கேக்
எல்லாம் ருசி தெரியாமல் விழுங்கி
பின்பக்கம் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டிருக்கிறேன்
பதினோரு வருஷம்.
நான் குண்டுமில்லை, ஒல்லியுமில்லை.
அதனால் ஒருத்தரும் கேட்கவில்லை.
அதற்கும் ஒரு பெயர் உண்டு என்று
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அறிந்தேன்,
அவளுக்குத் துணை போன அன்று.

டாக்டர் சின்னப்பெண்.
முதலில் "சாப்பிடு" என்றுகூடச் சொல்லவில்லை.
நாடி பிடித்து வெகுநேரம் இருந்தாள்.
"இதயம் மெதுவா அடிக்குது.
இது அடமில்ல, பேயுமில்ல. நோய். நாள்படும்.
இன்னைக்கே சேர்த்திடுங்க."
காட்டிக்கொடுத்தவள் என்று பெனிலா
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பல மாதம் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் நனைந்து வந்தாள்.
திருடியதைத் திருப்பித் தருகிறவள்போல
அந்தச் சுடிதாரை மேஜையில் வைத்தாள்.
"பிரிக்கணும்."
வெட்டவே இல்லை நான், ஒருமுறைகூட.
பிடித்த துணியெல்லாம் உள்ளே மடங்கிக் கிடந்தது.
பிரித்தேன். பழைய தையலின் ஓட்டைகள்
வரிசையாகத் தெரிந்தன.
தேய்த்தால் போகுமா என்றாள்.
போகாது என்றேன்.

"இப்ப எவ்வளவுக்கா?"
நோட்டை மூடி அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தேன்.

சாயா வந்தது, ரசவடை இரண்டு.
வெகுநேரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நானும்தான்.
பாதி தின்றாள். அழுதாள். மீதியைக் காகிதத்தில் மடித்தாள்.
நான் முழுசாய் ஒன்று, மென்று, காரம் தெரிந்து.

மழை விடுகிறவரை
இருவரும் அங்கேயே இருந்தோம்.
குழாய்ப் பக்கம் நான் போகவில்லை.